உஷார்! அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் பாருங்கள்

இன்று ராத்திரி பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். பாவாடை எலாஸ்டிக் அழுத்தும் இடம், அக்குள், தொடை இடுக்கு, முட்டியின் பின்மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று ஓர் இடம் விடாதீர்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்த ஒரு பொருக்கு இருக்கிறதா? அது பெரும்பாலும் வலிக்காது. அதனால் பிள்ளையும் சொல்லாது. ஜுரமும் அந்தப் பொருக்கும் சேர்ந்து இருந்தால், ஸ்க்ரப் டைஃபஸ் என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

இதைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்தப் பெயரே பாதி ஏமாற்றுகிறது. மாட்டின் காதில் தொங்குகிற உண்ணியை நினைத்துக்கொண்டு, 'நம் வீட்டில் மாடே இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கடிப்பது அந்த உண்ணி இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு அது. ஒரு மில்லிமீட்டரை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு அளவுதான். கண்ணில் படாது. எலிகளின் மேல் ஒட்டி வாழும். அந்த வழியாகப் போகிற மனிதக் காலிலும் ஏறிக்கொள்ளும். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்குப் போய்விடுவதால், ஒரே புதரோரம் வருடா வருடம் ஆபத்தாகவே இருக்கலாம். கிருமியின் பெயர் ஓரியென்ஷியா சுட்சுகமுஷி. சுட்சுகமுஷி என்றால் ஜப்பானிய மொழியில் தீங்கு செய்யும் பூச்சி என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைச் சாய்த்ததும் இதே ஜுரம்தான்.

காட்டு நோய், போர்க்கால நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 கடைசியில் ஆந்திரம் முழுக்க இந்த ஜுரம் செய்தியானபோது, மாவட்டவாரிக் கணக்கில் முதலில் நின்றது சித்தூர். திருப்பதி மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினோம். பூச்சி அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை, மாநில எல்லையையும் பார்ப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர வைத்த முக்கியக் காரணங்களில் ஸ்க்ரப் டைஃபஸும் ஒன்று என்று தெரிந்தது.

மழை தொடங்கியதிலிருந்து மார்கழிப் பனி வரை இதன் காலம். நம் ஆரம்பப் பள்ளிகளை அந்த மாதங்களில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவர் ஓரம் இடுப்பளவு செடி. கக்கூஸுக்குப் போகிற வழியெல்லாம் புல். பந்து விழுவது அங்கேதான், ஒளிந்து விளையாடுவதும் அங்கேதான். மதிய உணவில் சிந்திய சோற்றுக்கு எலி வருகிறது. எலியோடு பூச்சியும் வருகிறது. வீடு திரும்பினால் வேர்க்கடலைக் கொல்லை, மாந்தோப்பு, ஏரிக்கரை. கடிபட்ட அன்றே ஜுரம் வராது. ஆறு நாளிலிருந்து மூன்று வாரம் வரைகூட ஆகும். அதற்குள் எந்தப் புதர், எந்த நாள் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பிறகு நடப்பதுதான் எனக்குப் பயம் தருகிறது. முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்து விடால் டெஸ்ட். அதில் ஏதோ ஒரு எண் கூடுதலாக இருந்தால் டைபாய்டு என்று சீட்டு வந்துவிடும். நம் ஊர்களில் பழைய தொற்றின் மிச்சத்தால்கூட அந்த எண் ஏறலாம். டைபாய்டு வேறு, டைஃபஸ் வேறு. உச்சரிப்பு ஒட்டியிருப்பதால் வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. டைபாய்டுக்குப் போடும் வழக்கமான ஊசிகள் இந்தக் கிருமியைத் தொடாது, ஏனென்றால் இது உடம்பின் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். இன்னும் சிலருக்குப் பிளேட்லெட் குறையும். உடனே டெங்கு என்று முடிவுகட்டிப் பப்பாளி இலைச் சாறு தொடங்கும். அக்கி என்று நினைத்துப் பொருக்கின் மேல் காவி பூசுகிறவர்களும் உண்டு, மஞ்சள் அப்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். டாக்டர் கண்ணில் பட வேண்டிய ஒரே அடையாளத்தை நாமே மூடிவிடுகிறோம்.

இத்தனைக்கும் மருந்து பழையது, மலிவானது. டாக்ஸிசைக்ளின், இல்லையென்றால் அசித்ரோமைசின். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் ஜுரம் இறங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் குழந்தையின் பல் கறுக்கும் என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இதே குடும்பத்துப் பழைய மருந்துகளால் வந்த பயம். சில நாள் மட்டும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினால் பல்லில் கறை விழுவதில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே சொல்கிறது. அதற்காகக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த ஜுரத்துக்கு ஐ.ஜி.எம். எலைசா என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முதல் சில நாளில் அது நெகடிவ் காட்டலாம். அதனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்கும்படி மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. இன்னொன்று: எல்லோருக்கும் பொருக்கு வராது. அது இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஜுரம் தெளிந்து வந்த பிள்ளையை வகுப்பில் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே புதரில் அதனோடு விளையாடிய தம்பி தங்கைகளின் உடம்பை அன்றே பார்த்துவிடுங்கள்.

பூச்சி ஒட்டியதும் கிருமி இறங்கிவிடுவதில்லை; அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்தாலே ஆபத்து நிறையக் குறையும். கழற்றிய யூனிஃபார்மை மறுநாளும் மாட்டாதீர்கள். துவைத்த துணியைச் செடிமேல் விரித்து உலர்த்தும் பழக்கம் நம்மிடம் உண்டு, கொடியில் போடுங்கள். புல்லில் உட்காருவதென்றால் பாய் விரிக்கட்டும். புத்தகப் பையையும் புல்மேல் எறிய விடாதீர்கள்.

புதரை யார் வெட்டுவது? ஆசிரியர் பஞ்சாயத்தைக் காட்டுவார், பஞ்சாயத்து பில் போட வழி தேடும். ஆந்திரப் பள்ளிகளில் 2024 டிசம்பர் 7-ல் தொடங்கி மெகா பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடத்துகிறார்கள். போட்டோவுக்கு நின்றுவிட்டு வராமல், காம்பவுண்டு ஓரத்தைக் காட்டி அங்கேயே கேளுங்கள். நகரியிலும் குப்பத்திலும் தமிழ் மீடியத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் தமிழிலேயே மனு எழுதிக் கொடுங்கள்.

ஜுரம் மூன்றாம் நாளைத் தாண்டினால் டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்: "ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா சார்?" புதரில் விளையாடியதையும் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், சிறுநீர் குறைந்தால், கைகால் சில்லிட்டால் மூன்றாம் நாள் கணக்கெல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.