மின்னஞ்சல் விலாசத்தைக் காத்தல்

சேலைக்கு ஆர்டர் பெறவும், மஞ்சளுக்கு வெளியூர் விலை விசாரிக்கவும், பாங்கிக் கணக்கின் விவரம் அறியவும் மின்னஞ்சல் இன்று நமக்கு அவசியமாகிவிட்டது. ஆயினும், வேண்டிய கடிதம் ஒன்று வந்தால் வேண்டாத கடிதம் பத்து வருகிறது என்று அங்கத்தினர் பலர் குறைப்படுகின்றனர். ‘ஸ்பாம்’ எனப்படும் இத்தொல்லையின் காரணத்தையும், அதிலிருந்து தப்பும் வழிகளையும் இங்கே கூறுவோம்.

இது புதிய தொல்லையன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்பெனியைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், தம் கம்பெனியின் கணினிகளைப் பற்றிய ஒரே விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பினார். இதனையே முதல் ஸ்பாம் என்பர். தபாலில் அனுப்பினால் கடிதந்தோறும் தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலிலோ லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு சொற்பமே. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு லாபம்தான்.

நம் விலாசம் அவர்களுக்கு எவ்வாறு கிடைக்கிறது? இணையத்தில் எவரும் காணும்படி எழுதிய விலாசங்களைத் தேடித் திரட்டுவதற்கென்றே கணினி நிரல்கள் உள்ளன. பரிசுப் போட்டி என்றும் தள்ளுபடி என்றும் கூறி நம்மிடமே கேட்டு வாங்குவோரும் உளர். ஒருமுறை பரவிய விலாசத்தை மீட்க இயலாது. ஆதலின் முன்கூட்டிக் காப்பதே அறிவுடைமை.

முதலாவது, விலாசம் இரண்டு வைத்துக்கொள்க. ஒன்று வியாபாரத்திற்கு, அதை விளம்பரத்திலும் துணிப்பையிலும் தாராளமாக அச்சிடலாம். மற்றொன்று பாங்கிக்கும் நெருங்கியவர்களுக்கும் மட்டுமே உரியது. மறந்த கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் பெரும்பாலும் இதற்கே வருவதால், இது பணப்பெட்டியின் சாவிக்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பலருக்கு ஒரே கடிதம் அனுப்புங்கால் அனைவர் விலாசத்தையும் ‘பி.சி.சி.’ என்னும் கட்டத்தில் இடுக. அப்போது ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது, முன்பின் அறியாதவர் கடிதத்திற்குப் பதில் எழுதற்க. அதிலுள்ள இணைப்பைத் தொடற்க. ‘இனி அனுப்பாதீர்’ என்று எழுதுவதுங்கூட, இவ்விலாசத்தில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு அறிவிப்பதாகும். அதனை ‘ஸ்பாம்’ என்று குறித்து ஒதுக்குவதே போதும்.

இதில் பெரும் அபாயம் ஒன்று உண்டு. நூல் தரும் வியாபாரியின் பெயரிலேயே, “எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கிற்கு அனுப்புக” என்று கடிதம் வரக்கூடும். பணம் செலுத்துமுன், முன்னரே நம்மிடமுள்ள எண்ணில் அவரை அழைத்து விசாரித்தல் வேண்டும். அக்கடிதத்திற் கண்ட எண்ணை நம்பலாகாது. ஏமாந்தது தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணிற்கும் பாங்கிக்கும் அறிவிக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போய்விடும்.

ஒருவர் வயலில் விட்ட களையின் விதை அடுத்த வயலிலும் முளைக்கும். அதுபோல, ஓர் அங்கத்தினரின் மின்னஞ்சல் கயவர் கைப்பட்டால், அவர் பெயராலேயே நம் அனைவருக்கும் பொய்க் கடிதம் வரும். ஆகவே, தம் விலாசத்தைக் காப்பவர் சங்கத்தையும் காப்பவராவார்.