ஆலையும் கலையும்

ஓய்ந்துபோன ஆலையை இடிப்பது ஒன்றே வழியா? இங்கிலாந்தின் சால்ட்டேர் ஊரில் 1853-இல் திறக்கப்பட்ட கம்பளி ஆலை, 1986-இல் மூடப்பட்டது; மறு ஆண்டே அதில் ஓவியக்கூடம் அமைந்தது. செருமனியின் லைப்சிக் நகரில் 1884-இல் நிறுவப்பட்ட நூற்பாலையில் இன்று ஓவியர்கள் பணிபுரிகின்றனர். இயந்திரங்களுக்கு ஒளி தந்த அகன்ற சாளரங்கள் இப்போது தூரிகைக்கு ஒளி தருகின்றன.

நம் புதுவையில், 1898-இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டது. அதுவும் கலைக்கூடமானால் நன்றே. ஆயினும் ஒன்று மறவாதீர்கள். 1936 சூலை 30-இல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அப்போராட்டமே எட்டு மணி நேர வேலை உரிமையை ஈட்டித் தந்தது. சுவருக்குப் புதுவண்ணம் தீட்டலாம். அவ்வரலாற்றை மறைத்தல் ஆகாது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஆலைக்குச் சென்றுவந்த முதியோர் இருப்பின், அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.