தறித்த பனை எந்த வழியால் போகிறது?

தீவகத்தில் ஒரு பனை விழுந்தால் ஊரில் எழும் கேள்விகள் வழக்கமானவை. யார் தறித்தது, யாருடைய காணி, அனுமதிப்பத்திரம் இருந்ததா, மரக்காலையில் என்ன விலைக்குப் போனது. விழுந்த மரம் பனங்கூடலுக்குள்ளிருந்து றோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. புங்குடுதீவு போன்ற இடத்தில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் முதலில் வேண்டும். தறிப்பில் போவது ஒரு மரம். இழுத்துச் செல்வதில் அதைச் சுற்றி நிற்கும் வடலிகளும், மண்ணும், வேலியும், சில வேளை குளக்கட்டும் சேர்ந்து போகின்றன. ஆகவே பனங்கூடலுக்குள் மரம் எடுக்க நுழைய விட வேண்டிய வண்டி, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் எனும் இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றுதான் என்பதும், பெரிய உழவு இயந்திரமும் ஜேசிபியும் றோட்டுக்கரையோடு நிற்க வேண்டும் என்பதும் என் கட்சி. இதைச் சிறிய வண்டி மீதுள்ள பாசத்தால் சொல்லவில்லை. பனையின் உடலும் தீவின் நிலமும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

பனை மரம் இங்கிருந்து வெளியே போவது புதிய சங்கதி அன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனஞ்சிலாகை கடல் கடந்து விற்கப்பட்டது. வில்லியம் பேர்கசன் 1850இல் பனையைப் பற்றி எழுதிய நூலிலும் மரம் ஒரு வணிகப் பொருளாக இடம்பெறுகிறது. அந்த நாட்களில் மரத்தை விழுந்த இடத்திலேயே ஆப்பு வைத்துப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றிப் பகுதியைக் கழித்து, வைரத்தை மட்டும் தோளிலும் மாட்டுவண்டியிலும் கொண்டுபோய்த் தோணியில் ஏற்றினார்கள். கூடலை விட்டு வெளியேறியது சீவித் திருத்திய சிலாகையே. முழுக் குற்றி வெளியேறியது அரிது. பின்னர் போர் வந்தது. காவலரணுக்குப் பனங்குற்றியைப் போல மலிவாகக் கிடைத்த பொருள் வேறில்லை. வடக்கு முழுவதும் பனைகள் தலையிழந்தன. குற்றியைக் குற்றியாகவே, இராணுவ அவசரத்தோடு, கனரக வாகனத்தில் கட்டி இழுக்கும் பழக்கமும் அப்போதுதான் வலுத்தது. போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுவதும் ஒழியவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஊரோடு இடம்பெயர்ந்த புங்குடுதீவில், மடத்துவெளி தொடங்கிக் குறிகட்டுவான் வரை, சொந்தக்காரர் கடல் கடந்திருக்கும் காணிகள் இன்றும் பற்றை மூடிக் கிடக்கின்றன. இவற்றுக்குள் ஒரு பாரவண்டி புகுந்து திரும்பினால் என்ன நடந்தது என்று பார்க்க ஆளில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மரத்தை எடுக்கவே வேண்டாமே, இருப்பதை இருக்க விட்டால் என்ன? நிற்கும் காய்ப்பனைக்கு இந்த மறுப்பை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் கூடலில் இருப்பவை எல்லாம் காய்ப்பனைகள் அல்ல. இடி விழுந்தவை, வட்டுக் கழன்று மொட்டையாக நிற்பவை, புயலில் சரிந்தவை, வீட்டுச் சுவரின்மேல் சாயப் பார்ப்பவை என்று ஒரு கணக்கு எப்போதும் இருக்கும். பனைக்கு உச்சியில் ஒரேயொரு குருத்துத்தான். அது போனால் வேப்பமரம் போல அடியிலிருந்து தளிர்க்காது. செத்த பனையை அப்படியே விட்டால் அதன் உக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழு அழுகலைத் தின்று வளரும். வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும், பனையையும் விடாது. செத்த மரத்தை அகற்றுவது கூடலின் சுகாதாரம். அதில் கிடைக்கும் வளையும் சிலாகையும் கப்பும் ஒரு ஏழைக் குடும்பத்தின் கூரைக்கு உதவினால் அது மேலதிக இலாபம்.

இனி மரத்தின் எடையைப் பார்ப்போம். நாற்பது அடி நீளமும், சராசரி ஓரடி மூன்று அங்குல விட்டமும் உள்ள ஒரு பனந்தண்டின் கனவளவு ஏறத்தாழ நாற்பத்தொன்பது கன அடி. பச்சை மரத்தின் எடையைத் தண்ணீரின் எடையில் முக்கால் பங்கு என்று குறைத்துக் கணித்தாலும் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். இதை முழுதாக ஏற்றும் வல்லமை லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு இல்லை. முழுதாக இழுப்பவர்கள் பெரிய இயந்திரத்தைத் தேடுவதும் இதனால்தான். ஆனால் முழுதாக யாருக்கு வேண்டும்? பனைக்கு மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் பாய்வதில்லை. அதன் வைரம் வெளிவளையத்தில் இருக்கிறது, நடுப்பகுதி நாராகவும் சோறாகவும் இருக்கும். வெளிவளையம் இரண்டரை அங்குலத் தடிப்பு என்றால், பதினைந்து அங்குல விட்டத் தண்டில் உள்ளிருக்கும் பயனற்ற பகுதி பரப்பளவில் நாற்பது வீதத்துக்கும் மேல். முழுக்குற்றியை மரக்காலைக்கு இழுக்கிறவர், எறியப்போகிற சோற்றிக்கும் டீசல் செலவழிக்கிறார். கூடலிலேயே பன்னிரண்டு அடித் துண்டுகளாக அறுத்து, பிளந்து, சோற்றியைக் கழித்துவிட்டால், இரண்டு பேர் தூக்கிப் பெட்டியில் வைக்கக்கூடிய சுமைகளாக அது மாறிவிடுகிறது. கழித்ததை நறுக்கி மூடிப் புதைத்தால் மண்ணுக்கு உரம்; கும்பியாக விட்டால் மட்டும் வண்டுக்கு வீடு. பழைய மனிதர்கள் இயந்திரம் இல்லாமையால் செய்ததைச் சிறிய இயந்திரம் நமக்கு மீண்டும் கற்றுத் தருகிறது.

நிலத்தின் பக்கத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதத்தின் முழுப்பாரமும் இங்கேதான் தங்கியிருக்கிறது. தீவகம் சுண்ணக்கல்லின் மேல் படிந்த மெல்லிய மண். பல இடங்களில் மண்வெட்டி இரண்டு முறை இறங்கினால் கல்லில் முட்டும். வண்டிச் சக்கரம் மண்ணை இரண்டு விதமாக நெரிக்கிறது: மேல்மண் நெரிவது சக்கரம் நிலத்தைத் தொடும் பரப்பில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்தது, ஆழமண் நெரிவது அச்சு சுமக்கும் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அகலமான சக்கரம் போட்டு முதலாவதைக் குறைக்கலாம், இரண்டாவதைக் குறைக்கப் பாரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது குதிரைவலு கொண்ட நான்கு சக்கர உழவு இயந்திரம் வெறுமையாகவே இரண்டு தொன்னை நெருங்கும், பின்னால் தொன்கணக்கில் மரம் சேரும். லான்ட்மாஸ்டரோ சில நூறு கிலோ, பெட்டியோடும் பாரத்தோடும் சேர்த்தாலும் பெரிய இயந்திரத்தின் வெற்றுடலை எட்டுவதே கடினம். நெரிந்த மண்ணில் மாரி மழை இறங்காமல் ஓடிக் கடலில் கலக்கும். கிணற்று நன்னீர் உவர்ப்பதைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் ஒரு தீவுக்கு இது சின்ன விடயமல்ல. நம் நன்னீர் என்பதே மழை கீழே இறங்கி உவர்நீரின் மேல் தங்குவதுதான்.

வடலிகளைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. பனைக் கன்றின் குருத்து முதல் சில ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே இருக்கும், ஆகவே ஓலையை மட்டும் மிதித்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்று பெரிய இயந்திரக்காரர் வாதிடுவார். வாதம் சரி, பாதி தூரத்துக்கு. குருத்து நிலமட்டத்துக்கு வந்த வடலியைச் சக்கரமோ இழுபடும் குற்றியோ ஒருமுறை நசித்தால் அதோடு கதை முடிந்தது. அந்த நிலையை எட்ட அது ஏற்கனவே பல ஆண்டுகளைச் செலவழித்திருக்கும். காய்க்க இன்னும் பல ஆண்டு, வைரம் முற்ற ஒரு மனித ஆயுளுக்குக் கிட்ட. பெரிய வண்டி கூடலுக்குள் திரும்புவதற்கு எடுக்கும் வட்டத்தில் எத்தனை வடலி நிற்கும் என்பது காணிக்குக் காணி மாறும், ஆனால் லான்ட்மாஸ்டர் நின்ற இடத்திலேயே ஒரு பக்கக் கிளச்சைப் பிடித்து வளைந்துவிடும் என்பது மாறாது. ஒழுங்கைகளையும் எண்ணிப் பாருங்கள். பூவரசங் கதியாலும் கிளுவையும் நெருக்கி நிற்கும் ஒழுங்கைக்குள் பெரிய பெட்டி வளைய வேண்டுமானால் ஒருவருடைய வேலி விழ வேண்டும். படலையைக் கழற்ற வேண்டும். சிறிய பெட்டிக்குப் படலையைத் திறந்தால் போதும்.

லான்ட்மாஸ்டர் என்ற பெயரில் நாம் இன்று ஜப்பான், சீனத் தயாரிப்புகளையும் அழைக்கிறோம். அந்தப் பெயருக்குரிய இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கையர்: பொறியியலாளர் ரே விஜேவர்த்தன, 1950களில். அவருடைய கதையில் நம் வாதத்துக்கு எதிரான ஒரு சாட்சியமும் இருக்கிறது. தன் படைப்பையே பிற்காலத்தில் கேள்விக்குட்படுத்தி, வெப்பமண்டல மண்ணை இயந்திரம் கொண்டு கிளறுவது தவறு என்ற முடிவுக்கு அவர் வந்தார். உழாத விவசாயத்தையும், வேலிவரிசை மரங்களையும், கிளிசரியா விறகிலிருந்து மின்சாரம் எடுப்பதையும் 2010இல் மறையும் வரை வலியுறுத்தினார். படைத்தவரே கைவிட்ட இயந்திரத்துக்கு வக்காலத்து எதற்கு என்று கேட்கலாம். அவர் கைவிட்டது அதன் கலப்பையை. சுமை இழுக்கும் வேலையில் மண் புரட்டப்படுவதில்லை. மேலும் அவர் கனவுகண்ட விறகு மின்சாரத்துக்குக் கூட, தோட்டத்திலிருந்து தடிகளைச் சிறுசிறு சுமைகளாகக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும். சுவீடனிலும் பின்லாந்திலும் குடும்பங்கள் தத்தம் சிறு காடுகளில் சின்ன உழவு இயந்திரத்தையும் மரம் ஏற்றும் பெட்டியையும் வைத்துக்கொண்டு மரம் எடுப்பது இன்றும் நடைமுறை. பணம் இல்லாமல் அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

மாட்டுவண்டி போதுமே என்போருக்கு ஒரு வார்த்தை. மண்ணுக்கு அதைவிட மென்மையான வண்டி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டில்மாடு வைத்திருப்பவர்கள் அருகிவிட்டார்கள்; கோடையில் மாட்டுக்குத் தண்ணீரும் புல்லும் தேடுவதே தீவில் ஒரு முழுநேர வேலை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது மாட்டுவண்டியின் அருமை பேசப்பட்டது உண்மை; வரிசை கலைந்ததும் பேச்சும் கலைந்தது. சிறிய டீசல் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரோடு வேலையை முடிக்கும்.

பாதுகாப்பு பற்றிய மறுப்பை இலகுவாகத் தட்டிவிட முடியாது. பெட்டி ஒற்றை அச்சில் நிற்பது. நீண்ட சிலாகைகளைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றினால் பூட்டு மேலே எழும்பும், கைபிடி பிடி கொடாது. கப்பு, கட்டை போன்ற குறுந்துண்டுகளை முன்பலகையோடு சேர்த்து அடுக்கி, பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி கட்ட வேண்டும். இறக்கத்தில் பாரம் எஞ்சினைத் தள்ளும்போது பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் வளையும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது நடக்கும் விபத்துக்கு இது ஒரு காரணம். பிறேக் வேலை செய்யாத பெட்டிக்கு மரம் ஏற்றக்கூடாது. இருந்தாலும் தட்டைத் தீவு என்பதால் இங்கே ஆபத்து மலைநாட்டை விடக் குறைவு, மரமேறிய பெட்டிமேல் ஆட்களை ஏற்றாதவரை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு களவு. எந்தப் படலைக்குள்ளும் நுழையும் வண்டி, ஆளில்லாக் காணிகள் நிறைந்த ஊரில் கள்ளனுக்குத்தானே வசதி? இதற்கு நிலவரைபடமே பதில். மரத்தைக் காசாக்கும் மரக்காலைகள் பெரும்பாலும் தீவுக்கு வெளியே இருக்கின்றன. புங்குடுதீவிலிருந்து தரைவழியால் வெளியேற வாணர் தாம்போதி ஒன்றைத் தவிர வேறு பாதை கிடையாது. வேலணை சென்று, பண்ணைத் தாம்போதியைத் தாண்டித்தான் யாழ்ப்பாணம். லான்ட்மாஸ்டர் ஏற்றுவது குறைவு, போவது மெதுவாக, கேட்பது ஊர் முழுவதற்கும். இரவில் ஒரு கூடலைக் காலி செய்ய விரும்புகிறவன் லொறியையும் பெரிய இயந்திரத்தையும்தான் கொண்டுவருவான். உள்ளே சிறிய வண்டி, வெளியே போகும் ஒரே வாயிலில் பத்திரச் சோதனை என்று வைத்தால், திருட்டு மரம் தாம்போதியில் அகப்படும்.

சட்டத்தில் இடைவெளி எங்கே என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலாவுடன் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கத் தடை செய்கிறது. 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் தறிப்பைப் பற்றியே கவலைப்படுகிறது. மரத்தைக் கொண்டுசெல்லவும் பத்திரம் கேட்கப்படுகிறது, ஆனால் அது றோட்டில் ஓடும் மரத்துக்கு. கூடலுக்கும் றோட்டுக்கும் இடையிலுள்ள அந்த இருநூறு முன்னூறு யாரில் எந்த வண்டி, எந்தத் தடத்தால், எந்த மாதத்தில் போகலாம் என்று எந்தத் தாளும் பேசவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரமண்ணில் எந்த வண்டியும் இறங்கக்கூடாது என்ற ஒரு வரி, பாதி சேதத்தைத் தவிர்க்கும்.

வேலணைப் பிரதேச செயலகம் தறிப்புக்கான படிவத்தில் அந்த வரியையும், வண்டியின் வகையையும், வெளியேறும் பாதையையும் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. அதுவரைக்கும் காணிக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பாரிசிலோ இருந்தபடி ஊரிலுள்ள உறவினருக்கு மரம் தறிக்கச் சம்மதக் கடிதம் அனுப்பும் புங்குடுதீவார், எத்தனை மரம் என்று எழுதும் இடத்தில் இதையும் எழுதுங்கள்: மரத்தைக் காணிக்குள்ளேயே பிளக்க வேண்டும், லான்ட்மாஸ்டர் பெட்டியில் மட்டும் ஏற்ற வேண்டும், போன தடத்தாலேயே திரும்ப வேண்டும், மாரியில் தொடக்கூடாது.