போட்டோவில் உப்பு தெரியுமா?

“உனக்கென்னம்மா! போனைத் தட்டினால் ஆர்டர் வந்து விழுகிறது. பஸ் ஏறி அலைய வேண்டியதே இல்லை” என்று எதிர்வீட்டு அக்கா போன வாரம் பெருமூச்சு விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் வடாம் பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்! “அப்புறம் ஏன் இந்த அலைச்சல்?” என்றாள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படலாம்.

எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். புகுந்த வீட்டுக்குப் பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை ‘தானே’ புயல் வீசியதே, நினைவிருக்கிறதா? மாவட்டத்தில் எத்தனையோ முந்திரி மரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தோப்பும் தப்பவில்லை. புதிதாக வைத்த கன்று காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? மாமியார் கற்றுக் கொடுத்திருந்த வடாமும் அப்பளமும் மோர்மிளகாயும்தான் கை கொடுத்தன.

மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் சிதம்பரம் போவேன். கொத்சுக்குப் பேர்போன ஊரில் கொத்சுப் பொடி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். அதனால் வடாம்தான் என் சரக்கு. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேரோடும் வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலுமாக நாற்பது வீடுகள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, பெண் கல்யாணம், பிள்ளை பரீட்சை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் பையைப் பிரிப்பேன். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. இட்டுக் காய வைத்த வடாம் டின் டின்னாகத் தங்கிவிட்டது. அப்போது என் பெண்தான், “அம்மா, வாட்ஸ்அப்பில் போடலாம்” என்றாள். வெள்ளைத் துணியில் வடாம் காய்வதை அழகாகப் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டாள். அடேயப்பா! கூரியர் நடமாடத் தொடங்கியதும் சென்னை, பெங்களூர் என்று ஆர்டர்கள் வந்தன. அந்த வருஷம் எங்கள் வீட்டில் சோறு போட்டது அந்தப் போன்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் பஸ் மறுபடி ஓடத் தொடங்கியும் நான் சிதம்பரம் போகவில்லை. “வேண்டியவர்கள் போனில் சொல்லட்டுமே” என்ற மிதப்பு! உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு கூழைப் பெரிய அண்டாவில் கிளறினோம். படங்களுக்குக் கட்டைவிரலும் இதயமும் குவிந்தன. இருந்தும் மாதக் கணக்கைப் பார்த்தால் கையில் நிற்கும் பணம் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று புரியவில்லை.

2023 ஆனித் திருமஞ்சனத்துக்குப் போனபோது வடக்கு வீதி மாமியைப் பார்த்தேன். எழுபது தாண்டியவர்.

“ஏண்டி பொண்ணே, ஊரையே மறந்துட்டியா?”

“இல்லே மாமி, இப்ப எல்லாம் போன்லயே...”

“தெரியும். என் பேத்தி வரவழைச்சா. வாயில வெக்க முடியலே, உப்பு கரிக்கறது. எனக்கோ பி.பி. யார்கிட்டப் போய்ச் சொல்றது? போட்டோவுல உப்பு தெரியுமாடி?”

சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பொரித்துப் பார்த்தேன். மாமி சொன்னது நிஜம். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும். கூழில் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் போட வேண்டும். உதவிக்கு வந்த பெண் கூழை ருசி பார்த்துச் ‘சரியாக’ப் போட்டிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கத் தவறிவிட்டேன். நோட்டைப் புரட்டினேன். புதிதாக வாங்கிய 122 வீடுகளில் மறுபடி வாங்கியவை 19. மற்றவர்கள் சண்டை போடவில்லை, குறையும் சொல்லவில்லை. பேசாமல் போய்விட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்!

பம்பாயில் 1959 மார்ச் 15-ந் தேதி ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதலில் நான்கு பாக்கெட்தான். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்து விற்றார்கள். அதுதான் லிஜ்ஜத். இன்று 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு அதில் வேலை. டி.வி. விளம்பரத்தில் வந்த முயல் பொம்மையை நாடே அறியும். ஆனால் அப்பளம் இடும் பெண்கள் பிசைந்த மாவைக் கிளையில் வாங்கிப் போய், இட்ட அப்பளத்தை நேரில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தரமும் அங்கேயே பார்க்கப்படுகிறது. கூப்பிடுவது விளம்பரம் என்றால், ருசியைக் காப்பது நேரில் பார்க்கும் கண்.

வாட்ஸ்அப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இயந்திரம்கூடப் பழக்கம் உண்டா என்றுதான் கேட்கிறது!

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

படம் வாரத்துக்கு இரண்டே நாள். வெயில் வெளிச்சத்தில், என் வீட்டுச் சரக்கை மட்டுமே எடுப்பேன். விலையையும் கூரியர் செலவையும் சேர்த்தே எழுதுவேன்.

புது வீட்டுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்த நாலாம் நாள் நானே கூப்பிடுவேன். “வடாம் பொரிஞ்சுதா? உப்பு, காரம் எப்படி?” இரண்டு நிமிஷப் பேச்சுதான்.

குறை வந்தால் எழுத்தில் பதில் கிடையாது. உடனே பேசுவேன், சரக்கை மாற்றிக் கொடுப்பேன்.

வீட்டுக்கு ஒரு பக்கம் நோட்டில். யாருக்கு பி.பி., யாருக்குக் காரம் ஆகாது என்று அதில் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் அரை உப்பு வடாம் தனியாக இடுகிறேன். அதற்கு இப்போது நல்ல கிராக்கி!

வியாபாரத்துக்குத் தனி நம்பர் வைத்திருக்கிறேன். போனில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. யாராவது கேட்டால் அது மோசடி என்று வைத்துவிடுங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற்று, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இரண்டாம் சனிக்கிழமை? மறுபடி பஸ்தான். நாற்பது வீடுகளில் இருபத்தேழு திரும்பி வந்துவிட்டன. அந்த வீடுகளின் மருமகள்களும் பேத்திகளும் வெளியூரில் இருந்துகொண்டு போனில் ஆர்டர் போடுகிறார்கள். “பாட்டி சொன்னாங்க” என்பார்கள்.

போன மாதம் மாமி ஒரு வடாத்தைக் கடித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ம்... இப்ப சரி” என்றார்.

போனில் வந்த அத்தனை கட்டைவிரலும் அந்த ‘ம்’முக்கு ஈடாகுமா, சொல்லுங்கள்!