கச்சான் காற்றும் கான்டாக்ட் லென்ஸும்

ஆனி, ஆடி மாதங்களில் முட்டம் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் திணறுவது கண்தான். கடலோர மக்கள் கச்சான் என்று சொல்லும் காற்று அப்போது மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இந்தப் பருவக்காற்றுதான். கரையேறும்போதே உப்புச் சாரலையும் மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. "லென்ஸ் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம், ஹெல்மெட்டின் வைசர் மூடியிருந்தால்.

வண்டி ஓட்டுகிறவருக்கு லென்ஸால் கிடைக்கும் நன்மை சிறியதல்ல. மூக்குக்கண்ணாடியின் கால்கள் ஹெல்மெட்டுக்குள் காதோரம் அழுத்தி வலி எடுக்கும். மூச்சுக்காற்று பட்டு கண்ணாடி மங்கும். ஃபிரேமுக்கு வெளியே தெரிவதெல்லாம் கலங்கலாக இருக்கும். ஊர்ச்சந்திலிருந்து திடீரென்று ஓடி வரும் குழந்தை கண்ணில் படுவது அந்த ஓரத்தில்தான். லென்ஸ் கருவிழியோடு சேர்ந்தே திரும்புவதால் ஓரப் பார்வையும் தெளிவாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கக் கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே இருக்கிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 6 பவர் உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.6 போதும்.

இனி காற்றுக்கு வருவோம். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது கண்ணீர்ப் படலத்தின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் மூன்று மைக்ரான் அளவுதான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இமைக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பூசப்படுகிறது. லென்ஸ் போட்டதும் இந்த மெல்லிய படலம் லென்ஸுக்கு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கத்துப் படலம் சீக்கிரம் கிழியும். வண்டி ஓட்டும்போது சாலையிலேயே கவனம் குவிவதால் நாம் இமைப்பதும் குறைகிறது. வைசரைத் தூக்கிவிட்டு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால், வீசும் காற்றோடு வண்டியின் வேகமும் சேர்ந்து கண்ணை உலர்த்தும்.

மென்மையான லென்ஸுக்கு ஈரம் உயிர்நாடி. அதை உருவாக்கியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டு இயந்திரத் துண்டுகளையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் இணைத்து அவர் செய்த கருவியில்தான் முதல் மென் லென்ஸ்கள் சுழன்று உருவாயின. அவர் பயன்படுத்திய பொருள் தன் எடையில் 38 சதவீதம் அளவுக்கு நீரைத் தாங்கி நிற்பது. அந்த நீர் காற்றில் போய்விட்டால் லென்ஸ் விறைத்து, கண்ணை இறுக்கி உறுத்தும். உடனே கண்ணிலிருந்து நீர் கொட்டும். "கண்ணீர்தான் வழியுதே, வறட்சி எப்படி?" என்று பலரும் கேட்பார்கள். அந்தக் கொட்டலே வறட்சிக்கு எதிராகக் கண் எழுப்பும் அவசரக் குரல். பார்வை கலங்கி மூன்று விநாடி கண்ணை மூடித் திறந்தால், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஐம்பது மீட்டர் ஓடியிருக்கும்.

காற்றில் லென்ஸ் பறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். மென் லென்ஸின் விட்டம் 14 மில்லிமீட்டர் அளவு. கருவிழியைத் தாண்டி இமைகளுக்கு அடியிலும் அது பரவி நிற்கும். கெட்டி லென்ஸ் அப்படியல்ல. கருவிழியைவிடச் சிறியது, ஒவ்வொரு இமைப்பிலும் நகர்வது. அதனடியில் ஒரு மணல் துகள் புகுந்தால் உயிர் போகிற வலி.

இந்தக் கரையின் மணலும் லேசுப்பட்டதல்ல. பக்கத்து மணவாளக்குறிச்சியில் இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பிரித்தெடுக்கிறார்களே, அந்தத் தாதுமணல் கலந்த கரை இது. கார்னெட்டும் சிர்கானும் சாதாரண வெள்ளை மணலின் குவார்ட்ஸும் கடினத்தில் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. கருவிழியின் மேல்தோல் இவற்றின் முன் எம்மாத்திரம்! கண்ணில் தூசி விழுந்தால் முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றுவது நம் வீடுகளின் வழக்கம். லென்ஸ் இருக்கும் கண்ணில் அது வேண்டாம், கசக்கவும் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். வண்டியில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கட்டும்.

கழற்றிய லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைத்து மறுபடி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். தண்ணீரிலும் மண்ணிலும் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி வாழ்கிறது. அது கருவிழிக்குள் புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டியிருக்கும். "அலைகள் ஓய்வதில்லை" (1981) படம் ஊரறியச் செய்த கடற்கரை இது. பைக்கில் வந்து அலையில் நனைகிறவர்கள் ஏராளம். நனையும் முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். கண்ணீரின் உப்பு ஒரு சதவீதத்துக்குள். கடல்நீரிலோ மூன்றரை சதவீதம். அந்த உப்பு லென்ஸின் நீரை இழுத்து அதைச் சுருக்கும்.

நம் மண்ணுக்கென்று ஓர் ஆபத்தும் உண்டு. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அந்த எண்ணிக்கை 11 மட்டுமே. தென் தமிழகத்தில் இந்தப் புண்களில் கணிசமான பங்கு பூஞ்சையால் வருவது. மண்ணிலும் காய்ந்த இலைதழைகளிலும் இருக்கும் ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள், தூசி கீறிய இடத்தில் குடியேறுகின்றன. கண் சிவந்ததும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு தணிவதுபோல் தோன்றும்; உள்ளே பூஞ்சை செழித்துவிடும்.

ஆகவே வைசரை இறக்கி ஓட்டுங்கள். அதில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்க அவை உதவும்.