சின்ன துளை வழியா குடல் ஆபரேஷன்... புற்றுநோய்க் கட்டி முழுசா வந்துடுமா?

'வயித்தைப் பெருசா கிழிக்க வேண்டாம், லேப்ராஸ்கோப்பியிலேயே பண்ணிடலாம்' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் ஒரு நிம்மதி வரும். கூடவே ஒரு சந்தேகமும் வரும். இவ்வளவு சின்ன துளை வழியா புற்றுநோய்க் கட்டியை மிச்சமில்லாம எடுத்துட முடியுமா?

இது விவரம் தெரியாதவர்களின் பயம் இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்த பயம்தான்.

லேப்ராஸ்கோப்பியில் பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றியது பற்றி 1991-ல் அமெரிக்காவின் மயாமி நகர டாக்டர்கள் எழுதினார்கள். சில வருஷங்களிலேயே சிக்கல் வந்தது. கருவி நுழைந்த துளை இருந்த இடத்திலேயே மறுபடி புற்றுநோய் முளைத்ததாக அடுத்தடுத்து கேஸ்கள் வெளியாகின. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு வாயுதான் செல்களைப் பரப்புகிறதோ என்றுகூட சந்தேகித்தார்கள். அதனால் 1994-ல் அங்குள்ள குடல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம், ஆய்வுக்காக மட்டும் புற்றுநோய்க்கு இதைச் செய்யலாம் என்றது.

பதில் வந்தது 2004-ல். 48 மருத்துவமனைகளில் 872 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 3 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16 சதவிகிதம், வயிற்றைத் திறந்து செய்ததில் 18 சதவிகிதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. காயம் இருந்த இடத்தில் நோய் வந்தது இரண்டிலுமே 1 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆஸ்பத்திரியில் இருந்த நாள்கள்? 6-க்குப் பதில் 5. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனா, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

காரணம் சிம்பிள். வெளியில் வெட்டு சின்னது. உள்ளே நடக்கும் வேலை அதேதான். கட்டி உள்ள குடல் பகுதி, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாமே எடுக்கப்படும். அதை வெளியே எடுக்க ஒரு இடத்தில் சில சென்டிமீட்டர் வெட்டித்தான் ஆகணும். வெட்டே இல்லாத ஆபரேஷன் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. மிச்சமுள்ள இரண்டு முனைகளையும் இணைத்த இடத்தில் கசிவு வருமோ என்ற கவலை இரண்டு முறையிலுமே உண்டு.

மலக்குடல் விஷயம் மட்டும் கொஞ்சம் வேற. இடுப்பெலும்புக்குள் இடம் ரொம்பக் குறுகல். 2015-ல் வெளியான இரண்டு ஆய்வுகளால், லேப்ராஸ்கோப்பி திறந்த ஆபரேஷனுக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. அதே வருஷம் வந்த இன்னொரு பெரிய ஆய்விலோ, 3 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது இரண்டு முறையிலும் 5 சதவிகிதம்தான். மலக்குடலைப் பொறுத்தவரை சர்ஜனின் கைப்பழக்கம் பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. 2004 ஆய்வில் லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நடுவிலேயே வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அது சர்ஜன் சொதப்பிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கட்டி எதிர்பார்த்ததைவிடப் பரவியிருந்தாலோ திறப்பதுதான் பாதுகாப்பு. இதுமாதிரி எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குத் திறக்க வேண்டி வந்தது என்று கையெழுத்துப் போடும் முன்பே சர்ஜனிடம் கேட்கலாம்.