பற்றவைத்த இரும்பும் பற்றிக்கொள்ள வேண்டிய பாடமும்



இரும்பையும் இரும்பையும் சேர்ப்பது எப்படி? இந்த ஒரு கேள்விக்குத்தான் கட்டுமானத் துறை நூறு வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடி வருகிறது. ரிவெட் அடித்தார்கள், போல்ட் போட்டார்கள், பிறகு உருக்கியே ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு புது முறையோடும் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அந்தச் சிக்கல்தான் அடுத்த முன்னேற்றத்துக்கு வழி காட்டியது. சிவிலோ மெக்கானிக்கலோ, நாளைக்கு ஏதாவது ஒரு ஜாயின்ட்டைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம். ஆகவே இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

ரிவெட் காலம்

கொல்கத்தாவின் ஹவுரா பாலம் 1943-இல் திறக்கப்பட்டது. சுமார் 26,500 டன் எஃகு. முழுவதும் ரிவெட் வேலை. ஒரு ரிவெட் அடிக்கப் பொதுவாக நாலு பேர் வேண்டும். ஒருவர் உலையில் பழுக்கக் காய்ச்சுவார், ஒருவர் வாங்கி ஓட்டையில் செருகுவார், ஒருவர் இந்தப் பக்கம் தாங்கிப் பிடிப்பார், இன்னொருவர் அந்தப் பக்கம் அடித்துத் தலையை உண்டாக்குவார். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும்.

முறை நல்ல முறைதான். ஆனால் ஓட்டை போட்ட இடத்தில் தகட்டின் பலம் குறையும். சேர்ப்பதற்கென்றே தனியாக ஆங்கிளும் தகடும் தேவை, அதனால் எடை கூடும். வெல்டிங்கில் இவை இரண்டும் இல்லை. ஆளும் நேரமும் மிச்சம். அதனால்தான் அது ரிவெட்டை ஓரங்கட்டியது.

தானாகவே பிளந்த கப்பல்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 'லிபர்டி' வகைச் சரக்குக் கப்பல்கள் 2,710 கட்டியது. ரிவெட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வெல்டிங். 1942 நவம்பரில் ஒரு கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டி முடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லாந்து துறைமுகத்தில் 'ஷெனெக்டாடி' என்ற வெல்டிங் செய்யப்பட்ட புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது பெரும் சத்தத்தோடு நடுவில் பிளந்தது. பல லிபர்டி கப்பல்களிலும் விரிசல் கண்டது.

எல்லோரும் வெல்டரைக் குறை சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி, முக்கியக் கோளாறு எஃகிலேயே இருப்பதைக் காட்டினார். அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் இழுபடாமல் கண்ணாடி மாதிரி உடையும். டெக்கில் சதுர மூலை கொண்ட திறப்புகளில் தகைவு குவிந்து விரிசல் ஆரம்பித்தது. ரிவெட் கப்பலாக இருந்தால் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றிருக்கும். வெல்டிங்கில் எல்லாம் ஒரே தகடு மாதிரி ஆகிவிடுவதால் அது நிற்காமல் ஓடியது. நாம் லேபில் சார்பி டெஸ்ட் செய்கிறோமே, அதற்கு இவ்வளவு மரியாதை வரக் காரணம் இந்தக் கப்பல்கள்தான்.

நமத்துப் போன ராடு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆனால் வெல்டிங் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. எங்க சித்தப்பா பட்டறையில் வேலை பார்ப்பவர். "ராடு நமத்துப் போச்சுன்னா படபடன்னு தெறிக்கும்டா, உள்ள ஓட்டை ஓட்டையா விழும்" என்று சொல்வார். அவர் கையால் தெரிந்துகொண்டதற்குப் புத்தகத்தில் இருக்கும் காரணம் இது:

ராடின் பூச்சில் உள்ள ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜன் உண்டாகிறது. அது உருகிய உலோகத்தில் கரைகிறது. உலோகம் ஆறியதும் வெல்டுக்குப் பக்கத்திலுள்ள கெட்டிப்பட்ட பகுதியில் சேர்ந்து, வெளியே தெரியாத விரிசலை உண்டாக்குகிறது. இந்த விரிசல் உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வரும். அதனால்தான் கனமான தகடு, உயர் வலிமை எஃகு என்றால் 48 மணி நேரம் பொறுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

கிரில், கேட் வேலைக்கு இ6013 ராடு போதும். பாலம், கர்டர் என்றால் இ7018 போன்ற குறை ஹைட்ரஜன் ராடு வேண்டும். ஈரம் ஏறிய இந்த ராடை வெயிலில் காய வைத்தால் போதாது. ஓவனில் சுமார் 300 டிகிரிக்கு மேல், கம்பெனி சொன்ன அளவில் சுட வேண்டும். பிறகு சூடான பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். தகடு தடிமனாக இருந்தாலோ, எஃகில் கார்பன் ஈக்குவலன்ட் அதிகமாக இருந்தாலோ, வெல்டிங்குக்கு முன்பே தகட்டைச் சூடேற்ற வேண்டும். மெதுவாக ஆறினால்தான் ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்கும்.

சுவருக்குள் மறைந்த விரிசல்

1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் பூகம்பம். எஃகுச் சட்டக் கட்டிடங்கள் நன்றாகத்தான் நின்றன. பிறகு தீத்தடுப்புப் பூச்சை உரித்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் பீமும் தூணும் சேரும் வெல்டுகளில் விரிசல்!

என்ன காரணம்? அப்போது பயன்படுத்திய ஒருவகை ஃபிளக்ஸ் கோர் கம்பி வேகமாக உலோகம் படியவைக்கும், ஆனால் அந்த வெல்டுக்கு அதிர்ச்சியைத் தாங்கும் குணம் குறைவு. பீமின் கீழ் ஃபிளேஞ்சை வெல்டிங் செய்யும்போது நடுவில் வெப் குறுக்கே வரும். வெல்டர் பாதியில் நிறுத்தி மறுபக்கம் போய்த் தொடர வேண்டும். குறைகள் அங்கேதான் விழுந்தன. அடியில் வைத்த பேக்கிங் பட்டையை அப்படியே விட்டதால், அதுவே விரிசலுக்கு வாசலானது.

தீர்வு விசித்திரமானது. வெல்டைப் பலப்படுத்தியதோடு நிற்காமல் பீமைப் பலவீனப்படுத்தினார்கள்! தூணிலிருந்து சற்றுத் தள்ளி ஃபிளேஞ்சின் இருபக்கமும் வளைவாக வெட்டி எடுத்தார்கள். நாய்க்குப் போடும் எலும்பு மாதிரி தெரிவதால் அதற்கு 'டாக் போன்' என்றே பெயர். பூகம்பம் வந்தால் அந்த இடம் முதலில் வளைந்து கொடுக்கும், வெல்டு தப்பும். வீட்டு ஃபியூஸ் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுகிற அதே தத்துவம்.

நம்ம பக்கத்திலே

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி, லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும். இணைப்புகள் வெல்டிங்கால் ஆனவை. உப்புக் காற்றைத் தாங்கச் சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூன் 6 அன்று காஷ்மீரில் திறந்த செனாப் பாலம், ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். அதன் வெல்டுகளை 'ஃபேஸ்டு அர்ரே' என்ற நவீன அல்ட்ராசோனிக் முறையில் சோதித்தார்கள். வெல்டுக்குள் இருக்கும் குறையைத் திரையில் படமாகவே பார்க்கலாம்.

பெரிய கர்டர்களுக்கு இன்று தானியங்கி சப்மெர்ஜ்டு ஆர்க் முறை வந்துவிட்டது. ஃபிளக்ஸ் தூளுக்கு அடியிலேயே ஆர்க் எரிவதால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இல்லை, புகையும் குறைவு. திருச்சி பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருவது தமிழகத்துக்குப் பெருமை.

நம் பங்கு என்ன?

நண்பர்களே! மிஷின் எவ்வளவு முன்னேறினாலும் சைட்டில் மூலைமுடுக்கில் உட்கார்ந்து வெல்டிங் செய்பவர் மனிதர்தான். ராடு காய்ந்திருக்கிறதா, தகடு சூடேறியதா, பட்டையை எடுத்தார்களா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். அவசரப்படுத்தி "சீக்கிரம் முடிப்பா" என்று விரட்டிவிட்டுப் பிறகு வெல்டர் மேல் பழி போடுவது படித்தவனுக்கு அழகல்ல. ஓவனும் நேரமும் நல்ல கண்ணாடியும் அவருக்குக் கிடைக்கச் செய்வதும் நம் பொறுப்பே. கையில் தொழில் உள்ளவரிடம் தயங்காமல் கற்றுக்கொள்வோம். அவர் அறியாத காரணத்தை அவருக்குப் புரியும் தமிழில் சொல்வோம். இரண்டும் ஒன்றாய்ப் பற்றிக்கொண்டால் அந்த இணைப்பு என்றும் விரிசல் விடாது!